ஆர்மீனியப் புலம்பெயர் மேடை: நாடகமும் நையாண்டியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்மீனிய நையாண்டி எழுத்தாளர் ஹகோப் பரோனியனின் நாடகம் ஒன்றை ஆங்கிலத்தில் படித்து, ரயிலில் தனியாகச் சிரித்து, எதிர் இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்ததில் தொடங்கியது இந்தப் பைத்தியம். அதன்பிறகு யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றியே பேசியிருக்கிறேன் போல. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

ஆர்மீனிய நாடகம் என்றால் ஆர்மீனியா நாட்டில் நடப்பதுதானே? வெளியே இருப்பவர்களுக்குத் தனியாக என்ன நாடகம்?

ஆர்மீனியா நாட்டில் இருப்பவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர்தான். அதைவிடக் கூடுதலானவர்கள் வெளியே இருக்கிறார்கள்: பெய்ரூத், அலெப்போ, டெஹ்ரான், இஸ்தான்புல், பாரிஸ், மார்செய், பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ். 1915-இல் ஒட்டோமான் துருக்கி அரசு தொடங்கிய இனப்படுகொலைதான் இவர்களில் பெரும்பாலோரைச் சிதறடித்தது. ஆனால் வெளியூர் வாழ்க்கை அதற்கும் முந்தையது. 1604-05 வாக்கில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஜூல்ஃபா என்ற வணிக நகரத்து ஆர்மீனியர்களை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் இஸ்ஃபஹான் பக்கத்தில் குடியேற்றினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்மீனிய எழுத்தும் மேடையும் செழித்த இரண்டு பெரிய நகரங்கள் கான்ஸ்டான்டிநோபிளும் (இன்றைய இஸ்தான்புல்) திஃப்லிஸும் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசி). இரண்டுமே ஆர்மீனியாவில் இல்லை. ஆர்மீனியாவின் இன்றைய தலைநகர் யெரெவான் அன்று சின்ன ஊர். ஆகவே ஆர்மீனிய நாடகம் வளர்ந்ததே அயலூரில்தான். ஊருக்குள் இருப்பது ஒன்று, புலம்பெயர்ந்தது இன்னொன்று என்று கோடு போட்டுப் பிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

சென்னைக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு?

பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று இருக்கிறது. அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ‘ஆர்மீனியன்’ நம் வாயில் புகுந்து ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டான். அந்தத் தெருவில் ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்ததும் இதே மதராஸில்தான். நடத்தியவர் ஹருத்யுன் ஷ்மவோன்யன் என்ற பாதிரியார். மொத்தம் 18 இதழ்கள், 1796-இல் நின்றுபோனது. நாடகம் போட்டார்களா என்று கேட்காதீர்கள். என் கதையில் சென்னை இவ்வளவுதான். ஆனால் வாய்மாறி ஒரு பெயர் வேறொன்றாகும் இந்த வேடிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இருப்பதில் பழைய நாடகம் எது?

1668-இல் லிவிவ் நகரில், இன்றைய உக்ரைனில், ஆர்மீனியக் கல்லூரி மாணவர்கள் நடித்த புனித ஹ்ரிப்சிமேயின் தியாகக் கதை. எழுத்து வடிவில் கிடைத்திருப்பவற்றில் அதுதான் மூத்தது. அதுவும் வெளியூர்தான், பாருங்கள். அடுத்து வெனிஸ் பக்கத்தில் சான் லாசரோ தீவு. 1717-இல் மெகிதார் என்ற துறவி அங்கே மடம் அமைத்தார். திருவிழாக் காலத்தில் மடத்து மாணவர்கள் நாடகம் போடுவார்கள். மடம் என்பதால் பெண் பாத்திரமே கிடையாது. காதலியே இல்லாத நாடகம் எழுதி எழுதிக் கை பழகியவர்கள் அவர்கள்.

பரோனியன், பரோனியன் என்கிறீர்களே, யார் அவர்?

ஹகோப் பரோனியன், 1843-இல் எதிர்னேயில் பிறந்தவர். வாழ்ந்தது, எழுதியது, பகைத்துக்கொண்டது எல்லாம் கான்ஸ்டான்டிநோபிளில். அந்த நகரத்தை ஆர்மீனியர்கள் வெறுமனே ‘போலிஸ்’ என்பார்கள்; காவல்துறை இல்லை, நகரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நையாண்டிப் பத்திரிகைகள் நடத்தினார். சமூகத்துப் பெரிய மனிதர்களை ஒவ்வொருவராக எடுத்துத் தோலுரித்து ஒரு வரிசையே எழுதினார். 1891-இல் காசநோயில் இறந்தார். யெரெவானில் இருக்கும் அரசு இசை நகைச்சுவை அரங்கம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.

‘மரியாதைக்குரிய பிச்சைக்காரர்கள்’ என்ற அவருடைய கதை 1880-களில் வந்தது. அன்றிலிருந்து மேடையில் ஓய்ந்ததே இல்லை. கருங்கடல் ஓரத் திராபிசோனிலிருந்து அபிசோகோம் ஆகா (‘ஆகா’ மரியாதைப் பட்டம்) என்ற பணக்காரர் பெண் தேடி போலிஸுக்குக் கப்பலில் வந்து இறங்குகிறார். படகுத்துறையிலேயே ஒரு பத்திரிகை ஆசிரியர் மடக்கிவிடுகிறார். தங்களைப் போன்ற பெருந்தகை வந்திருப்பதை நாளை நாடே அறியப்போகிறது, அப்படியே வருடச் சந்தா. வீட்டுக்குப் போனால் அங்கே க்யூ: பாதிரியார், கவிஞர், புகைப்படக்காரர், கல்யாணத் தரகர், நாவிதர், வைத்தியர், வக்கீல், வாத்தியார், நடிகர். ஒருவர் வாயிலும் ‘பிச்சை’ என்ற சொல் வராது. தேசத்துக்கு, மொழிக்கு, கலைக்கு, உங்கள் நல்ல பெயருக்கு என்றுதான் கேட்பார்கள். வந்த வேலை நடக்காமல், பையும் மெலிந்து, ஆகா ஊரைப் பார்க்க ஓடுகிறார்.

பட்டிக்காட்டுப் பணக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று முதலில் தோன்றும். அடுத்தமுறை படித்தால் கத்தியின் மறுபக்கம் தெரியும். படித்தவனுக்குச் சோறு போடாத சமூகம் அவனைக் கதவு தட்ட விட்டிருக்கிறது. பரோனியனே சந்தாவை நம்பிப் பத்திரிகை நடத்திய ஆள். அந்தப் படகுத்துறை ஆசிரியரை எழுதும்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று ‘பக்தாசார் அண்ணன்’. மனைவிக்கும் தன் நண்பனுக்கும் தொடர்பு என்று தெரிந்து விவாகரத்து கேட்கிறார் பக்தாசார். அன்றைய ஒட்டோமான் ஏற்பாட்டில் கல்யாணம், விவாகரத்து எல்லாம் அந்தந்தச் சமூகத்தின் கையில். ஆர்மீனியர்களுக்குத் தங்கள் மதத்தலைமையின் கீழ் இயங்கும் சபை. அந்தச் சபை கூடிப் பேசப் பேச, நியாயம் கேட்டு வந்தவரே குற்றவாளி ஆகிக்கொண்டே போகிறார். பஞ்சாயத்தில் பேசிப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

துருக்கி நாடகத்தையே ஆர்மீனியர்கள்தான் தொடங்கினார்கள் என்கிறார்களே, கொஞ்சம் அதிகமில்லையா?

மேற்கத்திய பாணி மேடை நாடகத்தைப் பொறுத்தவரை பெரிதாக மிகையில்லை. ஹகோப் வர்தோவியன் என்ற ஆர்மீனியர், துருக்கியர் வாயில் ‘குல்லு அகோப்’, 1870-இல் அரசிடம் ஓர் உரிமை வாங்கினார்: தலைநகரில் துருக்கி மொழியில் நாடகம் போடும் தனியுரிமை, பத்து ஆண்டுக்கு. நமிக் கெமால் எழுதிய தேசபக்தி நாடகம் 1873-இல் அவர் அரங்கத்தில்தான் ஏறியது. கூட்டம் கொந்தளித்தது, நாடகாசிரியரை சைப்ரஸுக்கு நாடு கடத்தினார்கள்.

முஸ்லிம் பெண்கள் மேடையேற முடியாத காலம். ஆகவே துருக்கிக் கதாநாயகி என்றாலும் நடிப்பவர் ஆர்மீனியப் பெண். இவர்களுடைய துருக்கி உச்சரிப்பு சரியில்லை என்று விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தாலும் சீட்டு வாங்கிப் போனார்கள். திக்ரான் சுஹாஜியன் இசையமைத்த ‘லெப்லெபிஜி ஹோர்ஹோர் ஆகா’ அதே 1870-களின் இசை நாடகம். வறுத்த கொண்டைக்கடலை விற்கும் ஒரு அப்பா, பணக்கார வீட்டுப் பையனோடு போய்விட்ட மகளைத் தேடி நகரத்துக்கு வருகிறார். துருக்கி, கிரேக்கம், ஆர்மீனியம் என்று பல மொழிகளில் ஓடியது. கடலை வியாபாரியை நாயகனாக வைத்து இசை நாடகம் எழுதத் துணிந்த அந்தக் காலத்துக்கு ஒரு கும்பிடு.

1915-க்குப் பிறகும் இவர்களால் சிரிக்க முடிந்ததா?

இதைத்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். யெர்வாந்த் ஓடியன் என்ற ஒருவரைச் சொன்னால் போதும்.

1869-இல் போலிஸில் பிறந்தவர். 1915-க்கு முன்பே ‘தோழர் பஞ்சுனி’ என்ற பாத்திரத்தைப் படைத்துப் புகழ் பெற்றிருந்தார். பெயரைப் பிரித்தால் ‘ஒன்றும் இல்லாதவன்’. கட்சி அவனைச் சில வீடுகளே உள்ள மலைக் குக்கிராமத்துக்கு மக்களை எழுப்பச் சொல்லி அனுப்புகிறது. தொழிற்சாலையே இல்லாத ஊரில் அவன் வர்க்கப் போராட்டம் நடத்துகிறான். ஊர் இரண்டுபடுகிறது. தலைமைக்கு அவன் எழுதும் கடிதங்கள் தத்துவத்தில் தொடங்கும், வெற்றிச் செய்தியாக வளரும், கடைசியில் கொஞ்சம் பணம் அனுப்புங்கள் என்று முடியும். நாவலாக எழுதியது, மேடைக்காரர்கள் விடுவார்களா, நாடகமாக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

1915-இல் ஓடியனும் பிடிபட்டார். சிரியப் பாலைவனம்வரை நடத்திச் செல்லப்பட்டுப் பிழைத்து வந்தார். திரும்பியதும் அந்த ஆண்டுகளின் நினைவுகளைச் செய்தியாளன் நடையில், அலங்காரம் இல்லாமல் எழுதினார். 1926-இல் கெய்ரோவில் இறந்தார். 1915-இல் கொல்லப்பட்டவர்களில் போலிஸின் மேடை நடிகர் யெனோவ்க் ஷாஹெனும் ஒருவர். எழுதியவர்கள், நடித்தவர்கள், பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் பெய்ரூத்திலும் கெய்ரோவிலும் பாரிஸிலும் முதலில் கட்டியது தேவாலயம், பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து ஹாலில் ஒரு மேடை. அந்த மேடையில் மறுபடியும் பரோனியன்.

ஏன் அழுகை நாடகம் போடாமல் அவரைப் போட்டார்கள்? அதையும் போட்டார்கள். ஆனால் பரோனியனைப் போட்டால் போலிஸ் தெருவில் ஆட்கள் எப்படிப் பேசினார்களோ அந்தப் பேச்சு இரண்டு மணி நேரம் திரும்ப வரும். அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகும் வழி அடைபட்டவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. எனக்கு இந்த மேடையில் பிடிபட்ட மையப்புள்ளி இதுதான். கதை அப்புறம், காதால் கேட்க வந்த கூட்டம் அது.

மேற்கு ஆர்மீனியம், கிழக்கு ஆர்மீனியம் என்கிறார்கள். அதற்கும் நகைச்சுவைக்கும் என்ன?

பாதி நகைச்சுவையே அதுதான். கிழக்கு என்பது ஆர்மீனியா நாட்டிலும் ஈரானிலும் பேசப்படுவது. மேற்கு என்பது ஒட்டோமான் ஆர்மீனியர்களுடையது; பெய்ரூத், பாரிஸ், பழைய அமெரிக்கக் குடியேறிகள் எல்லோரும் இதில். எழுத்து ஒன்றே, ஒலி புரண்டுகிடக்கும். அங்கே வல்லோசையாக வருவது இங்கே மெல்லக் குழைந்து வரும், இங்கே குழைவது அங்கே வெடிக்கும். கிழக்கில் ஒரு பெத்ரோஸ், மேற்கில் ஒரு பெத்ரோஸ். கிழக்கில் ஒரு கிரிகோர், மேற்கில் ஒரு கிரிகோர். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? தமிழ் எழுத்தில் அப்படித்தான் வரும், நமக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. அவர்கள் காதில் அது வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம்.

இதற்கு மேல் அவரவர் ஊர் மசாலா. போலிஸ்காரர் பேச்சில் துருக்கி, பெய்ரூத்காரர் பேச்சில் அரபியும் பிரெஞ்சும், டெஹ்ரான்காரரிடம் பாரசீகம், யெரெவான்காரரிடம் ரஷ்யன், லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த பேரனிடம் ஆங்கிலம். இந்த ஐந்து பேரையும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காரவைத்தால் ஸ்கெட்ச் தயார். கலிபோர்னியாவின் கிளெண்டேல் நகரில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆர்மீனியர். அங்கே இந்தப் பந்தியை யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, ஏதாவது ஒரு மண்டபத்துக்குள் எட்டிப்பார்த்தால் போதும்.

மேற்கு ஆர்மீனியத்தை 2010-இல் யுனெஸ்கோ அழியும் அபாயத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்தது. அதனால் அந்த மொழியில் ஒரு ஜோக் சொல்லி, அரங்கம் மொத்தமும் ஒரே நொடியில் சிரித்தால், சொன்னவருக்கு அது வேறு மாதிரி நிம்மதி.

ஆர்மீனியாவுக்கே திரும்பிப் போனவர்களைப் பற்றி ஏதாவது நகைச்சுவை உண்டா?

உண்டு, கசப்பாக. 1946 தொடங்கி சோவியத் ஆர்மீனியா அழைத்ததை நம்பி லெபனான், சிரியா, பிரான்ஸ் முதலிய இடங்களிலிருந்து சுமார் 90,000 பேர் போனார்கள். அங்கே உள்ளூர்க்காரர்கள் இவர்களை ‘அக்பார்’ என்று கேலி செய்தார்கள். ‘அண்ணன்’ என்ற சொல்லை இவர்கள் உச்சரித்த விதத்தையே பட்டப்பெயராக ஒட்டிவிட்டார்கள்.

குடும்பம் குடும்பமாகச் சொல்லப்படும் கதை ஒன்று. தணிக்கை இருக்கிறது, கடிதத்தில் உண்மை எழுத முடியாது. ஆகவே கிளம்பும் முன் ஏற்பாடு: அங்கே போய் ஒரு போட்டோ அனுப்புகிறேன். நின்றுகொண்டிருந்தால் நிலைமை நன்று, நீங்களும் வாருங்கள். உட்கார்ந்திருந்தால் வராதீர்கள். சில மாதம் கழித்துப் போட்டோ வந்தது. குடும்பமே தரையில் படுத்துக்கிடந்தது.

பெய்ரூத்தில் ஏன் அவ்வளவு நாடகக் குழுக்கள்?

ஆர்மீனியர்களுக்கு மூன்று பழைய அரசியல் கட்சிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கலாசாரச் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நாடகக் குழு. இதுதான் சுருக்கமான பதில்.

கொஞ்சம் நீட்டினால்: ‘ஹமஸ்காயின்’ என்ற சங்கம் 1928-இல் கெய்ரோவில் தொடங்கியது. தொடங்கியவர்களில் நாடகாசிரியர் லெவோன் ஷாந்தும் ஒருவர். ‘பழைய தெய்வங்கள்’ என்ற அவர் நாடகம் ஆர்மீனிய மேடையில் பெரிய பெயர். பிறகு பெய்ரூத்துக்கு வந்து பள்ளி நடத்தி 1951-இல் அங்கேயே இறந்தார். அவரோடு இருந்த கஸ்பார் இபேக்யானின் பெயரில் பெய்ரூத்தில் ஒரு நாடகக் குழு. இஸ்தான்புல்லில் பிறந்த பெர்ஜ் ஃபஸ்லியன் என்ற இயக்குநர் ஆர்மீனிய நாடகங்களோடு, லெபனானின் ரஹ்பானி சகோதரர்களின் புகழ்பெற்ற அரபு இசை நாடகங்களையும் இயக்கினார். ஒட்டோமான் காலத்துக் கதைதான் மறுபடியும்: ஆர்மீனியர் ஒரு ஊருக்கு வந்தால் அந்த ஊர் மொழி நாடகத்திலும் போய் நிற்பார்.

குழு என்றதும் சம்பளத்துக்கு நடிக்கும் கம்பெனி என்று நினைக்க வேண்டாம். பகலில் நகைப்பட்டறை, பல் மருத்துவம், பள்ளிக்கூட வேலை, இரவில் ஒத்திகை. வார இறுதியில் இரண்டோ மூன்றோ காட்சி. பார்வையாளரில் பாதிப் பேர் நடிகர்களின் சித்தப்பா, அத்தை.

வில்லியம் சரோயன் ஆர்மீனியரா? அமெரிக்க எழுத்தாளர் என்றல்லவா படித்தோம்?

இரண்டும்தான். 1908-இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில், பித்லிஸ் நகரத்திலிருந்து (இன்றைய கிழக்குத் துருக்கி) வந்த குடும்பத்தில் பிறந்தவர். ‘தி டைம் ஆஃப் யுவர் லைஃப்’ நாடகத்துக்கு 1940-இல் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். கலைக்கு மதிப்பெண் போட வணிகர்கள் யார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 1981-இல் இறந்தபின் அஸ்தியில் ஒரு பாதி ஃபிரெஸ்னோவில், மறுபாதி யெரெவானில்.

அமெரிக்கப் பாடப்புத்தகம் சொல்லாத சரோயன், கடைசிக் காலத்தில் நேரடியாக ஆர்மீனியர்களைப் பற்றி எழுதிய மூன்று நாடகங்களில் இருக்கிறார். ‘ஆர்மீனியர்கள்’ நடப்பது 1921-இல், ஃபிரெஸ்னோவில். ஆர்மீனியா அப்போதுதான் சோவியத் கைக்குப் போயிருக்கிறது. தேவாலயப் பாதிரியாரும் புராட்டஸ்டண்ட் போதகரும் என்ன செய்யலாம் என்று பேசுகிறார்கள். பிறகு வான், மூஷ், பித்லிஸ் என்று ஆளுக்கொரு ஊர்க்காரர்கள் கூடும் கிளப். ‘பித்லிஸ்’, 1964-இல் அவர் தன் மூதாதையர் ஊரைப் பார்க்கப் போன பயணத்திலிருந்து வந்தது. ‘ஹராச்’ பாரிஸின் ஆர்மீனிய நாளிதழ் அலுவலகத்தில் நடக்கிறது. ஆர்மீனியன் என்றால் யார் என்று எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், சரோயனே ஒரு பாத்திரமாக உட்கார்ந்திருப்பார்.

நாடகமாகப் பார்த்தால் மூன்றிலும் ‘நடப்பது’ குறைவு, பேச்சுத்தான் அதிகம். ஆனால் ஊர்ப் பெருமை பேசும் நாலு கிழவர்களின் சண்டையை அவ்வளவு அன்போடு எழுதியவர் குறைவு.

ஆங்கிலத்தில் பார்க்க வேண்டிய நாடகம் எது?

இரண்டு சொல்வேன்.

ஒன்று, ரிச்சர்ட் கலினோஸ்கியின் ‘பீஸ்ட் ஆன் தி மூன்’, 1995. ஆசிரியர் ஆர்மீனியர் இல்லை. களம் மில்வாக்கி, 1921. அராம் என்ற புகைப்படக்காரர் படத்தைப் பார்த்து வரவழைத்த பெண் சேதா வந்து சேர்கிறாள். பதினைந்து வயது, கையில் பொம்மை. வீட்டில் அராமின் குடும்பப் போட்டோ ஒன்று நிற்கிறது. அதில் எல்லோருடைய தலையும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அப்பாவின் தலை இருந்த இடத்தில் தன் முகத்தை ஒட்டியிருக்கிறான். மீதி ஓட்டைகளைப் புதிய குடும்பத்தால் நிரப்ப வேண்டும் என்பது அவன் கணக்கு. குழந்தை பிறக்கவில்லை. அந்த ஒரே ஒரு மேடைப் பொருள் நாடகம் முழுக்கச் செய்யும் வேலையைப் பத்துப் பக்க வசனம் செய்யாது. பிரெஞ்சில் இரினா புரூக் இயக்கிய போது 2001-இல் பிரான்சின் நாடக விருதுகளான மோலியே விருதுகள் வந்தன. அராமாக நடித்த சிமோன் அப்கரியனுக்கும் ஒன்று.

மற்றது, லெஸ்லி ஐவாசியனின் ‘நைன் ஆர்மீனியன்ஸ்’, 1990-களின் நடுவில் வந்தது. நியூ ஜெர்சியில் மூன்று தலைமுறைக் குடும்பம். விடைபெறுவதில் தொடங்குகிறது. ‘போய்ட்டு வரோம்’ சொன்னபின் வாசலில் ஒரு பேச்சு, காருக்குப் பக்கத்தில் ஒரு பேச்சு, ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பொட்டலம், மறுபடி இறங்கி ஒரு கட்டிப்பிடிப்பு. நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பேத்தி ஆனி ஆர்மீனியாவுக்குக் கிளம்பிப் போய்விடுவாள், கரண்ட் இல்லாத தொண்ணூறுகளின் குளிர்காலத்துக்குள். விடைபெறத் தெரியாத குடும்பம் ஏன் அப்படி ஆனது என்று அப்போது புரியும்.

இப்போதைய ஸ்டாண்ட்-அப், ஸ்கெட்ச் பக்கம் யார் இருக்கிறார்கள்?

முதல் பெயர் வாஹே பெர்பெரியன். 1955-இல் பெய்ரூத்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் குடியேறியவர். ஓவியர், நாவலாசிரியரும் கூட. நாடகங்கள் எழுதியிருக்கிறார். ஆனால் கூட்டம் சேர்த்தது தனியாக நின்று பேசும் நிகழ்ச்சிகள்தான், அதுவும் மேற்கு ஆர்மீனியத்திலேயே. அவற்றின் தலைப்புகளைக் கேளுங்கள்: ‘யெவய்ல்ன்’, ‘நாயெவ்’, ‘சகாய்ன்’, ‘யெதே’, ‘ஊரெம்ன்’. தமிழில் சொன்னால் ‘முதலியன’, ‘மேலும்’, ‘ஆனால்’, ‘என்றால்’, ‘ஆகவே’. இலக்கணப் புத்தகத்து இடைச்சொற்களைத் தலைப்பாக வைத்து அரங்கத்தை நிரப்பும் மனிதரிடம் எனக்குத் தனி மரியாதை.

ஸ்கெட்ச் என்றால் லோரி ததூலியன். லாஸ் ஏஞ்சலஸில் ‘பிக் பேட் ஆர்மோ ஷோ’ என்று பல ஆண்டுகளாக நடத்தியவர். ‘ஆர்மோ’ என்பது ஆர்மீனியரைக் குறிக்கும் அமெரிக்கக் கொச்சை. பெரும்பாலும் ஆங்கிலம், உணர்ச்சி ஏறும்போது ஆர்மீனியம். இந்த வகை மேடையில் அடிக்கடி காதில் விழும் இரண்டு சொற்களை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும். ‘அமோத்’: வெட்கக்கேடு, பாட்டி சொல்வது. ‘ஓதார்’: ஆர்மீனியர் அல்லாதவர், குறிப்பாகப் பெண்ணோ பையனோ வீட்டுக்குக் கூட்டிவரும் அந்த ஒருவர்.

பழைய பாணி முழுநீள நகைச்சுவையும் ஓயவில்லை. கிரிகோர் சதாமியன் லாஸ் ஏஞ்சலஸில் ‘அர்தவாஸ்த்’ குழுவை ஆர்மீனிய மொழியிலேயே நடத்தினார். பிரான்சில் மாத்யூ மதேனியன் போன்றவர்கள் பிரெஞ்சில் பேசுகிறார்கள். ஆர்மீனியப் பாட்டி அங்கே ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

ஆங்கில ஸ்கெட்ச் இன்னும் வேகமானது, இளைஞர்கள் வருகிறார்கள். ஆனாலும் என் தராசு பெர்பெரியன் பக்கம் சாய்கிறது. ஆங்கிலத்தில் பாட்டியைப் போல நடித்துக் காட்டுகிறார்கள். அவர் பாட்டி பேசிய மொழியிலேயே பேசுகிறார்.

இனப்படுகொலையை வைத்து ஜோக் அடிக்கிறார்களா?

கொலையை வைத்து இல்லை. அதைப் பற்றி ஆண்டுதோறும் நினைவுநாளான ஏப்ரல் 24 அன்று நீளநீளமாகப் பேசும் தலைவர்களை வைத்து, எதற்கெடுத்தாலும் ‘நாங்கள்தான் முதல் கிறிஸ்தவ நாடு’ என்று தொடங்கும் மாமாவை வைத்து, உலகத்தில் யார் பிரபலமானாலும் அவருக்குள் ஒரு ஆர்மீனியரைத் தேடும் அப்பாவை வைத்து, உண்டு.

அப்படித் தேடினால் நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது அகப்படுவார்களா?

அந்த அப்பாவாக ஒரு நிமிடம் மாறிவிடுகிறேன். ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் கிரேக்க மாணவர் மாக்ஸாக வந்தவர் கெவோர்க் மலிக்யன், தியார்பக்கிரில் பிறந்த ஆர்மீனியர். உச்சரிப்பை வைத்தே சிரிக்கவைத்த தொடரில், கிரேக்க உச்சரிப்புக்கு ஒரு ஆர்மீனியர்! பிராட்வேயில் 1943-இல் ‘ஓக்லஹோமா!’ இசை நாடகத்தை இயக்கிய ரூபென் மமூலியன், திஃப்லிஸ்காரர். பிரெஞ்சு அபத்த நாடகக்காரர்களில் ஒருவரான ஆர்தர் அதமோவ். பாடகர் சார்ல் அஸ்னவூர், அம்மா நடிகை, அப்பா பாடகர்.

பெயர்கள் எல்லாம் ஏன் ‘யன்’ என்று முடிகின்றன?

‘இன்னார் வழியில் வந்தவர்’ என்று பொருள். முன்பகுதி தாத்தா பெயராகவோ தொழிலாகவோ இருக்கும்.

ஆர்மீனியம் தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?

பரோனியனின் ‘மரியாதைக்குரிய பிச்சைக்காரர்கள்’ ஆங்கிலத்தில் இருக்கிறது, முதலில் அது. மெல்லிய புத்தகம், ஒரே மூச்சில் போய்விடும். அடுத்து ‘நைன் ஆர்மீனியன்ஸ்’. சரோயனின் மூன்றையும் கொஞ்சம் பொறுத்து எடுங்கள். வான் எங்கே, பித்லிஸ் எங்கே என்று ஒரு பழைய வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால் அந்தக் கிளப் சண்டை இரண்டு மடங்கு ருசிக்கும். பெர்பெரியனை மொழி புரியாமலே ஐந்து நிமிடம் கேட்டுப்பாருங்கள். எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் அவர் வேறொருவர் குரலுக்கு மாறிய அதே நொடியாக இருக்கும்.